ஆண் உயர்கல்வி ஆசிரியர்கள் இந்தியாவில் அதிகமா, ஜப்பானில் அதிகமா? ஒப்பிடும் முறை குறித்து ஒரு வினா

வினவுநன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்கல்வி நிறுவனங்களில் பணியாற்றும் ஆண் ஆசிரியர்களின் எண்ணிக்கையை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத முயன்று வருகிறேன். மொத்தத்திலிருந்து பெண்களைக் கழித்தால் ஆண்கள் கிடைத்துவிடுவார்கள், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். இப்போது எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

இந்தியாவுக்கு, ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொண்டேன். அதில் ஆசிரியர்களின் மொத்த எண்ணிக்கை 15.98 லட்சம் என்றும், அவர்களில் 56.6 சதவீதத்தினர் ஆண்கள் என்றும் உள்ளது. அதன்படி ஆண் ஆசிரியர்கள் சுமார் 9.04 லட்சம் பேர். ஜப்பானுக்கு, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் மே 1ஆம் தேதி நிலவரப்படி நடத்தும் பள்ளி அடிப்படைக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 27 சதவீதம். எஞ்சிய ஆண்கள் சுமார் 1.39 லட்சம் பேர்.

எண்ணிக்கையைப் பார்த்தால், இந்தியாவில் உள்ள ஆண் ஆசிரியர்கள் ஜப்பானில் உள்ளவர்களைப்போல் ஆறரை மடங்கு. விகிதத்தைப் பார்த்தாலோ, ஜப்பானில் நூறு ஆசிரியர்களில் 73 பேர் ஆண்கள், இந்தியாவில் 57 பேர்தான். இந்தியாவில் அதிகம் என்று எழுதினாலும் தவறில்லை, ஜப்பானில் அதிகம் என்று எழுதினாலும் தவறில்லை என்றால், படிப்பவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

இன்னொரு குழப்பமும் உண்டு. உலக வங்கியின் தரவுத்தளத்தில் ஜப்பானின் பெண் ஆசிரியர் பங்கு, அந்நாட்டு அமைச்சகம் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. பெண்களின் பங்கு கூடினால் ஆண்களின் பங்கு குறையத்தானே வேண்டும்? இரண்டில் எது சரி? துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


தராசு எழுதியது:

இரண்டும் சரியான எண்களே. அவை வெவ்வேறு கூட்டத்தை எண்ணியிருக்கின்றன என்பதுதான் செய்தி. தாங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாரை ஆசிரியர் என்று கொள்வது என்பதை. ஆண், பெண் என்ற பிரிவு அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

தாங்கள் ஜப்பானுக்கு எடுத்திருப்பது பல்கலைக்கழகங்களின் எண்ணை மட்டும். இந்தியாவுக்கு எடுத்திருப்பதோ பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், தனித்தியங்கும் நிறுவனங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்த எண்ணை. 2021-22 அறிக்கையில் பதிவு செய்துள்ளவை 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், 12,002 தனித்தியங்கும் நிறுவனங்கள். நம் ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் இணைப்புக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும், பாடத்தைக் கல்லூரி நடத்தும் என்ற இந்த இணைப்பு முறை ஜப்பானில் இல்லை. அங்கே 2022இல் இருந்த 807 பல்கலைக்கழகங்களும் தத்தம் மாணவருக்குத் தாமே கற்பித்துத் தாமே பட்டம் வழங்குபவை. ஆகவே நம் கல்லூரிகளை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத் துறைகளை மட்டும் எடுத்து ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் அது பெரும் பிழை. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி அப்படி ஒப்பிட்ட கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். இளங்கலை கற்பிப்பவர்கள் அனைவரும் ஒரு பக்கம் காணாமல் போய், மறுபக்கம் முழுதாக நின்றார்கள். அந்த வகையில் தாங்கள் கல்லூரிகளைச் சேர்த்தது சரியே.

ஆனால் தனித்தியங்கும் நிறுவனங்கள் என்ற மூன்றாம் பிரிவைச் சேர்த்த பிறகு, ஜப்பான் பக்கத்திலும் அதற்கு இணையானவற்றைச் சேர்த்தாக வேண்டும். நம் பக்கம் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் பாலிடெக்னிக்குகளும், செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி போன்ற பட்டய நிறுவனங்களும் அதில் அடங்கும். ஜப்பானில் இவற்றுக்கு எதிரே வைக்கத்தக்கவை மூன்று. முதலாவது, ஈராண்டு அல்லது மூவாண்டுப் படிப்பு நடத்தும் குறுங்காலக் கல்லூரிகள். இவை 2022இல் முந்நூறுக்குச் சற்று மேல் இருந்தன, இவற்றின் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இரண்டாவது, பதினைந்து வயதில் மாணவர்களைச் சேர்த்து ஐந்தாண்டு கற்பிக்கும் 'கோசென்' எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரிகள். ஐம்பத்தேழுதான், ஆனால் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆண்கள். மூன்றாவது, தொழிற்கல்வி தரும் சிறப்புப் பயிற்சிக் கல்லூரிகள். இங்கே பெண்களின் பங்கு பல்கலைக்கழகங்களைவிட மிகவும் கூடுதல்.

தங்கள் இரண்டாவது குழப்பத்துக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. உலக வங்கி இந்த எண்களைத் தானே திரட்டுவதில்லை, யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனத்திடமிருந்து பெறுகிறது. யுனெஸ்கோ 'பல்கலைக்கழகம்' என்ற பெயரைப் பார்ப்பதில்லை. 2011இல் திருத்தி ஏற்கப்பட்ட பன்னாட்டுக் கல்வி வகைப்பாட்டின் 5 முதல் 8 வரையுள்ள நிலைகளைப் பார்க்கிறது. ஐந்தாம் நிலை குறுங்கால உயர்கல்வி, ஆறு இளங்கலை, ஏழு முதுகலை, எட்டு முனைவர் பட்டம். பெண்கள் நிறைந்த குறுங்கால நிறுவனங்கள் ஐந்தாம் நிலையில் உள்ளே வந்துவிடுவதால் ஜப்பானில் பெண்களின் பங்கு சற்று உயர்ந்து, ஆண்களின் பங்கு சற்றுத் தாழ்கிறது. அப்படி உயர்ந்த பிறகும் ஓஇசிடி எனப்படும் பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளின் வரிசையில் ஜப்பான் கடைசியில்தான் நிற்கிறது என்பது வேறு கதை.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தாங்கள் எடுத்த 1.9 லட்சம் என்பது முழுநேரப் பணியாளர்களின் எண்ணிக்கை. ஜப்பானியக் கணக்கெடுப்பு, ஒரு பல்கலைக்கழகத்தையே முதன்மைப் பணியிடமாகக் கொண்டவர்களை ஒரு பட்டியலிலும், வேறு வேலையோடு சேர்த்து வகுப்பெடுக்க வருபவர்களை வேறொரு பட்டியலிலும் எழுதுகிறது. செய்தித்தாள்களில் வருவது முதல் பட்டியல் மட்டுமே. இரண்டாவது பட்டியல் அதற்கு ஏறக்குறைய நிகரான நீளம் உடையது. நம் கணக்கெடுப்பின் அட்டவணையிலோ பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், செய்முறைப் பயிற்றுநர் ஆகியோரோடு தற்காலிக ஆசிரியர், வருகைதரு ஆசிரியர் ஆகியோரும் மொத்தத்துக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் தற்காலிகமானவர்களையும் சேர்த்து, மறுபக்கம் அவர்களை விலக்கிவிட்டு ஒப்பிட்டால், அந்த ஆறரை மடங்கில் ஒரு பங்கு நாமே உண்டாக்கியது.

ஜப்பானின் இரண்டாவது பட்டியலை அப்படியே கூட்டிவிடவும் கூடாது. ஒருவர் மூன்று பல்கலைக்கழகங்களில் வகுப்பெடுத்தால் அந்தப் பட்டியலில் மூன்று முறை இடம்பெறுவார். அவரே நான்காவது ஒன்றில் முழுநேரப் பேராசிரியராக இருந்தால் முதல் பட்டியலிலும் இருப்பார். அது ஆட்களின் பட்டியல் அன்று, பணியமர்த்தங்களின் பட்டியல்.


எண்கண்ணாடி எழுதியது:

தராசு அவர்கள் மேலே எழுதியதை ஒப்புக்கொண்டு, வகுக்கும் எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தற்போதைக்குத் தங்கள் 9.04 லட்சத்தையும் 1.39 லட்சத்தையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

2022இல் இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 141 கோடி, ஜப்பானின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 கோடி. மக்கள்தொகை பதினோரு மடங்குக்கு மேல் இருக்க, ஆண் ஆசிரியர்கள் ஆறரை மடங்குதான் இருக்கிறார்கள். மக்களில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை ஆண் உயர்கல்வி ஆசிரியர்கள் என்று கணக்கிட்டால், இந்தியாவில் 64, ஜப்பானில் 111. ஆறரை மடங்கு முன்னே நின்ற நாடு இப்போது பின்னே நிற்கிறது.

மொத்த மக்கள்தொகையால் வகுப்பதும் முழு நியாயம் ஆகாது, ஏனெனில் ஜப்பான் முதியோர் மிகுந்த நாடு. உயர்கல்வி வயதினரை மட்டும் எடுத்துப் பாருங்கள். இந்தியக் கணக்கெடுப்பு 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களை அளவாகக் கொள்கிறது, 4.33 கோடி மாணவர்கள், மொத்தச் சேர்க்கை விகிதம் (அந்த வயதினர் நூறு பேருக்கு எத்தனை மாணவர்கள் என்ற அளவு) 28.4 என்று அறிக்கை சொல்வதிலிருந்து, அந்த வயதினர் சுமார் 15.2 கோடிப் பேர் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். ஜப்பானில் 2022இல் பதினெட்டு வயதானவர்களே 11 லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஆறு வயதுகளையும் சேர்த்தால் 70 லட்சத்தைச் சற்றே தாண்டும். இப்படி வகுத்தால், அந்த வயதினரில் ஒரு லட்சம் பேருக்கு இந்தியாவில் 600க்குச் சற்றுக் குறைவான ஆண் ஆசிரியர்களும், ஜப்பானில் 1,900 அளவிலான ஆண் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இடைவெளி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது.

மாணவர் எண்ணிக்கையால் வகுப்பதும் ஒரு வழி. இந்தியாவில் ஓர் ஆண் ஆசிரியருக்கு 48 மாணவர்கள், ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் 21 மாணவர்கள் என்று வரும். ஆனால் நம் 4.33 கோடியில் தொலைநிலைக் கல்வி மாணவர்களும் அடங்குவர் என்பதையும், வகுப்பறையில் பெண் ஆசிரியர்களும் இருக்கும்போது ஆண் ஆசிரியரை மட்டும் வைத்து மாணவர்களைப் பங்கிடுவதற்கு என்ன பொருள் என்பதையும் தாங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது வெறும் கணித விளையாட்டாகவே தெரிகிறது.

கட்டுரையின் கேள்வி பாலினச் சமநிலை பற்றியது என்றால், எண்ணிக்கையை விட்டுவிட்டு 57க்கு எதிராக 73 என்ற பங்கை எடுங்கள். கல்வி வாய்ப்பின் அளவு பற்றியது என்றால், ஆண், பெண் என்று பிரிக்காமல் மொத்த ஆசிரியர்களை எடுத்து வயதினரால் வகுங்கள். ஆண்களின் தனி எண்ணிக்கை, இந்த இரண்டு கேள்விகளில் எதற்கும் நேரான விடை தராது.


வினவுநன் எழுதியது:

தராசு ஐயாவுக்கும் எண்கண்ணாடி ஐயாவுக்கும் மிக்க நன்றி. என் கேள்வி பாலினச் சமநிலை பற்றியதே. ஆயினும் ஆண்களின் எண்ணிக்கையை முழுவதுமாகக் கைவிட மனம் வரவில்லை. பெண்களின் பங்கு உயர்கிறது என்றால், ஆண்களின் எண்ணிக்கை குறைந்து அது உயர்கிறதா, அல்லது ஆண்கள் இருந்தபடியே இருக்கப் பெண்கள் கூடுதலாக வந்து உயர்கிறதா என்பதை அறிய எண்ணிக்கைதானே வேண்டும்?

அதற்காக இந்தியாவின் பழைய அறிக்கைகளை வரிசையாகப் பார்த்தேன். 2015-16இல் மொத்த ஆசிரியர்கள் 15.19 லட்சம் பேர், அவர்களில் 61 சதவீதத்தினர் ஆண்கள். 2017-18இல் மொத்தம் 12.85 லட்சமாகக் குறைந்திருக்கிறது, ஆண்கள் 58 சதவீதம். இதைக் கணக்கிட்டால் ஆண்கள் 9.27 லட்சத்திலிருந்து 7.45 லட்சத்துக்கு வந்திருக்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில் 1.8 லட்சம் ஆண்கள் ஆசிரியப் பணியை விட்டு எங்கே போனார்கள்? இதைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே என்று வியந்தேன்.

மேலும், 2021-22 அறிக்கையில் 77 என்ற ஓர் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். பெண்கள் 77 என்றால் ஆண்கள் 23 என்று ஆகிறது. ஆனால் அதே அறிக்கையில் ஆண்கள் 56.6 என்றும் இருக்கிறது. எங்கோ தவறு செய்கிறேன் என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.


படிவக்காரர் எழுதியது:

ஒரு கல்லூரியில் இந்தக் கணக்கெடுப்புக்கான பொறுப்பு ஆசிரியராகச் சில ஆண்டுகள் படிவம் நிரப்பியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 77. அது சதவீதம் அன்று. நூறு ஆண் ஆசிரியர்களுக்கு எத்தனை பெண் ஆசிரியர்கள் என்ற கணக்கு. நூறு ஆண்களையும் 77 பெண்களையும் சேர்த்தால் 177 பேர். அதில் ஆண்கள் 56.5 சதவீதம். அறிக்கையில் 56.6 என்று இருப்பது, 77 என்பதே முழு எண்ணாக்கப்பட்டது என்பதால்தான். இதே அளவு 2014-15இல் 63 ஆக இருந்தது. அதாவது அப்போது ஆண்கள் 61 சதவீதத்துக்குச் சற்று மேல். ஏழு ஆண்டுகளில் ஐந்து சதவீதப் புள்ளிகள் நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி அந்த 1.8 லட்சம் ஆண்கள். அவர்கள் எங்கும் போகவில்லை, தாங்கள் கவலைப்பட வேண்டாம். நான் முதன்முதலில் நிரப்பிய படிவத்தில் பதவிவாரியாக எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று கட்டங்களில் எண்ணை மட்டும் எழுத வேண்டியிருந்தது. பதவி, சமூகப் பிரிவு, பால் என்று கட்டங்கள் நீண்டுகொண்டே போகும்; ஒவ்வொரு துறைத்தலைவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவதைக் கூட்டி எழுதுவோம். காலையில் எங்கள் கல்லூரியிலும் மாலையில் வேறொரு கல்லூரியிலும் வகுப்பெடுத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இரு கல்லூரிகளின் கட்டங்களிலும் ஒன்றாகச் சேர்ந்திருப்பார். அதைத் தடுக்கும் வழி அந்தப் படிவத்தில் இல்லை. நீண்ட விடுப்பில் சென்றவரும் அவருக்குப் பதிலாக வந்தவரும் இருவராக எழுதப்பட்டதும் உண்டு. பிறகு ஒவ்வோர் ஆசிரியருக்கும் பெயர், பிறந்த நாள், பணியில் சேர்ந்த நாள், பதவி, நியமனத்தின் தன்மை என்று தனித்தனியே பதியும் ஆசிரியர் தகவல் படிவம் வந்தது. பெயர் இல்லாமல் எண்ணை எழுத முடியாது என்றானதும் கூட்டுத்தொகை சுருங்கியது. தாங்கள் பார்த்த சரிவு அந்த மாற்றத்தின் காலத்தில் விழுந்தது.

அதே அறிக்கைகளில் அடுத்த ஆண்டுகளையும் பாருங்கள். 2018-19இல் மொத்தம் 14.16 லட்சம், 2019-20இல் 15.03 லட்சம், 2020-21இல் 15.51 லட்சம், பிறகு தாங்கள் எடுத்த 15.98 லட்சம். நான்கு ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கு மேல் கூடியதை எல்லாம் புதிய நியமனம் என்று கொண்டால் நம் நாட்டில் காலிப்பணியிடம் என்ற சொல்லே மறந்திருக்க வேண்டும். புதிய படிவத்தில் படிப்படியாகப் பலரும் பதிவேறியதும் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி. எனவே ஆண்களின் எண்ணிக்கையைக் காலவரிசையில் வைப்பதென்றால், புதிய படிவம் நிலைபெற்ற பிறகான ஆண்டுகளை மட்டும் வையுங்கள். 2019-20இல் 57.5 சதவீதம், அதாவது 8.64 லட்சம், 2020-21இல் 57.1 சதவீதம், அதாவது 8.86 லட்சம்; 2021-22இல் 9.04 லட்சம். தாங்கள் கேட்ட கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது: ஆண்களின் எண்ணிக்கை குறையவில்லை, மெதுவாகக் கூடியே வருகிறது, பெண்களின் எண்ணிக்கை அதைவிட விரைவாகக் கூடுகிறது.

பங்கு என்பது எண்ணிக்கையைவிட உறுதியாக நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல் சரிந்தபோதும் ஆண்களின் பங்கு 61இலிருந்து 58 ஆகத்தான் மாறியது. இரட்டிப்புப் பதிவு இரு பாலாரிடமும் ஓரளவு ஒத்த விகிதத்தில் இருந்தால் அது பங்கைக் கெடுக்காது.

இன்னொன்று. 2021-22இல் பதிவு செய்திருந்த 45,473 கல்லூரிகளில் தரவு அளித்தவை 42,825. ஜப்பானின் கணக்கெடுப்போ 1948 முதல் நடந்து வருவது, புள்ளியியல் சட்டத்தின்கீழ் பதிலளிப்பதைக் கடமையாக்கியது. ஒரு பக்கம் ஏறக்குறைய முழுமையான கணக்கு, மறுபக்கம் விடுபடல் உள்ள கணக்கு என்பதைக் கட்டுரையில் ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.


ஏணிப்படி எழுதியது:

மேலே யாரும் பதவிநிலையைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். இரு நாடுகளின் ஆசிரியர் அமைப்பும் ஒரே வடிவம் உடையவை அல்ல. இந்தியாவில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் உதவிப் பேராசிரியர் நிலையில் இருக்கிறார்கள். பேராசிரியர்கள் மிகச் சிறிய பகுதி. ஜப்பானில் முழுநேர ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பேராசிரியர்கள். அவர்கள் சுமார் 70,000 பேர். ஒரு நாடு அகன்ற அடித்தளமும் குறுகிய உச்சியும் கொண்டது, மற்றது உச்சி கனத்தது.

இது ஆண்களின் பங்கை நேரடியாகப் பாதிக்கிறது. ஜப்பானில் பேராசிரியர்களில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். கீழ்நிலைகளில் அந்தப் பங்கு படிப்படியாகக் கூடி, ஆய்வு உதவியாளர் என்ற கடைசிப் படியில் பாதியைத் தாண்டிவிடுகிறது. இந்தியாவிலும் செய்முறைப் பயிற்றுநர் நிலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம், பேராசிரியர் நிலையில் ஆண்களே மிகுதி. ஏணியின் இரு முனைகளும் இரு நாடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எந்தப் படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் வேறு. ஆண்கள் மிகுந்த மேல்படியில் ஜப்பான் தன் ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரை நிறுத்தியிருப்பதால், அதன் மொத்தப் பங்கு ஆண்கள் பக்கம் மேலும் சாய்கிறது. 73க்கும் 57க்கும் இடையில் உள்ள 16 புள்ளிகள் அனைத்தையும் இது விளக்கிவிடாது. ஒவ்வொரு படியிலும் ஜப்பானில் ஆண்களின் பங்கு கூடுதலாக இருப்பதும் காரணந்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், ஜப்பானின் பதவிவாரிப் பங்குகளை இந்தியாவின் பதவி அமைப்பின் மீது வைத்து ஒரு கற்பனைக் கூட்டுத்தொகை கண்டு பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலைதான்.

பதவிப் பெயர்களில் ஒரு முன்னெச்சரிக்கை. ஜப்பான் பள்ளிக் கல்விச் சட்டத்தில் செய்து 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தம் இணைப் பேராசிரியர் பதவியின் பெயரை மாற்றியது. உதவிப் பேராசிரியருக்கு ஒப்பான புதிய பதவி ஒன்றையும் உண்டாக்கியது. பழைய உதவியாளர்களில் பலர் அந்தப் புதிய பதவிக்கு மாறினார்கள். 2007க்கு முந்தைய ஆண்டுகளோடு படிவாரியாக ஒப்பிட்டால், படிவக்காரர் ஐயா சொன்ன 1.8 லட்சம் ஆண்களைப்போல இங்கும் சிலர் ஒரே ஆண்டில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவார்கள்.

வயதையும் பாருங்கள். இருக்கும் ஆசிரியர்களில் ஆண்களின் பங்கு என்பது முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு யாரை நியமித்தார்கள் என்பதன் எச்சம். கடந்த கால் நூற்றாண்டில் கல்லூரிகளை வேகமாகப் பெருக்கிய நாட்டில் புதியவர்கள் மிகுதி, ஆகவே பங்கு விரைவில் மாறும். பல்கலைக்கழக எண்ணிக்கை ஏறக்குறைய நிலைத்துவிட்ட நாட்டில் ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓரிடம் காலியாகும். 2027ஆம் நிதியாண்டுக்குள் சுமார் 300 பெண் ஆசிரியர்களை நியமிக்கப்போவதாக டோக்கியோ பல்கலைக்கழகம் 2022இல் அறிவித்தது இந்த மந்தத்தை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன். ஜப்பானில் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பள்ளி ஆசிரியர் புள்ளிவிவரக் கணக்கெடுப்பில் வயது விவரமும், புதிதாகப் பணியில் சேர்ந்தோர் விவரமும் கிடைக்கும். புதியவர்களில் ஆண்களின் பங்கை எடுத்து ஒப்பிட்டால் தங்கள் கட்டுரைக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இந்தியா முழுமைக்கும் 57 என்று எழுதும்போது, கேரளம், பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் பெண் ஆசிரியர்களே பெரும்பான்மை என்பதையும், பீகாரில் ஆண்கள் மிகப் பெரும்பான்மை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜப்பானோடு ஒப்பிட வேண்டிய இந்தியா எது என்று சில நேரம் எனக்கே ஐயம் வருவதுண்டு.


வினவுநன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறரை மடங்கு என்ற தொடக்க வரியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதியுள்ள பத்தியைக் கீழே தருகிறேன். பிழை இருந்தால் சுட்டிக்காட்ட வேண்டும்.

"2021-22ஆம் கல்வியாண்டில் இந்திய உயர்கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்களில், தற்காலிக ஆசிரியர்களையும் சேர்த்து, 56.6 சதவீதத்தினர் ஆண்கள். 2022 மே 1ஆம் தேதி நிலவரப்படி ஜப்பானியப் பல்கலைக்கழக ஆசிரியர்களில் ஏறத்தாழ 73 சதவீதத்தினர் ஆண்கள். ஜப்பானின் குறுங்காலக் கல்லூரிகளைச் சேர்த்தால் இந்த வேறுபாடு சற்றுக் குறையும். இந்தியாவில் அண்மைய ஆண்டுகளில் ஆண்களின் பங்கு குறைந்து வந்தாலும் அவர்களின் எண்ணிக்கை குறையவில்லை."


தராசு எழுதியது:

நன்றாக இருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் 'ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்களில்' என்று ஒரு சொல்லைச் சேருங்கள். கடைசி வாக்கியத்தில் 'அண்மைய ஆண்டுகளில்' என்பதை எடுத்துவிட்டு '2019-20 முதல் 2021-22 வரை' என்று எழுதுங்கள். இல்லையென்றால் யாராவது 2015-16ஆம் ஆண்டு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு 9.27 லட்சத்துக்கும் 9.04 லட்சத்துக்கும் கணக்குக் கேட்டு வருவார்கள்.